கட்டைவிரலுக்கு 30 சதவீதம், மனசுக்கு எவ்வளவு?

போன பொங்கலுக்கு அம்பாசமுத்திரம் வீட்டில் பரணை ஒழித்தோம். ஒரு தகரப் பெட்டிக்குள் சின்ன மாமாவோட பழைய காகிதங்கள் இருந்தன. ஓரம் கிழிஞ்ச ஈ.எஸ்.ஐ. அட்டை, நாலஞ்சு பி.எஃப். சீட்டு, ஒரு ராஜினாமாக் கடிதத்தின் கார்பன் நகல். தேதி 2003 ஜூன். "சொந்தக் காரணங்களை முன்னிட்டு" என்று ஆரம்பிக்கும் நாலு வரி. கையெழுத்து மட்டும்தான் மாமாவுடையது. கடிதத்தை எழுதினது தாத்தா.

மாமா ஒரு நூற்பாலையில் பதினோரு வருஷம் சைடர் வேலை பார்த்தவர். 2002 ஐப்பசி வாக்கில் நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்தவர், மெஷின் சத்தத்துக்குள்ள யாரோ தன்னைப் பத்திப் பேசுறாங்கன்னு சொல்ல ஆரம்பிச்சார். அப்புறம் தூக்கம் போச்சு, சாப்பாடு போச்சு. ஆச்சி காரையாறு சொரிமுத்தையனார் கோயிலுக்கு நேர்ந்துகிட்டாள். புளியம்பட்டி அந்தோணியார் கோயிலில் நாற்பது நாள் போய்த் தங்கினாள். ஏர்வாடிக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு யாரோ சொன்னப்ப மட்டும், "சங்கிலி போடுத எடத்துக்கு எம் புள்ளைய அனுப்ப மாட்டேன்"னு ஒரே வார்த்தையில் முடிச்சிட்டாள். அதுக்கு முந்தின வருஷம்தான், 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், அங்கே ஒரு விடுதியில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் தப்ப முடியாமல் இறந்துபோனார்கள். 28 பேர்.

வேலைக்குப் போகாமல் ஏழெட்டு மாசம் ஆனதும் தாத்தா ராஜினாமா எழுதிக் கொடுத்தார். ஆலை கேட்கவில்லை, இவராகவே கொடுத்தார். சித்திக்கு அப்போ மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மருத்துவச் சான்றிதழில் "மனநோய்" என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் ஊருக்கே தெரிஞ்சிடும் என்பது தாத்தாவின் கணக்கு.

இந்தக் கட்டுரைக்குக் காரணம் அந்தக் கார்பன் நகல்தான். அந்த மனுஷனுக்குச் சட்டப்படி அன்னைக்கு என்னதான் கிடைச்சிருக்கும்? கையை மெஷினில் கொடுத்திருந்தால் என்ன, மனசு கெட்டுப்போனால் என்ன? ரெண்டுக்கும் ஒரே மரியாதை எங்கேயாவது இருந்ததா? நான் வக்கீல் இல்லை, கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். ஆனால் சட்டங்களை வாசிக்கிறது ஒரு வகையில் பழைய கோடை வாசிக்கிற மாதிரிதான். எந்தக் காலத்தில் யார், எதை நினைத்து எழுதினார்கள் என்று தெரிந்தால் இப்போது அது ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பது புரியும்.

உடம்பின் விலைப்பட்டியல்

பொருநைக் கரையில் யந்திரம் வந்த கதை எல்லாருக்கும் தெரியும். 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் தண்ணீர் விழும் வேகத்தை நம்பி விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலை போட்டார்கள். அடுத்துத் தூத்துக்குடியில் கோரல் மில். 1908இல் வ.உ.சி.யும் சிவாவும் நின்று நடத்திய கோரல் மில் வேலைநிறுத்தம் கூலிக்காகவும் வார விடுமுறைக்காகவும் நடந்தது. விரல் போனால் நஷ்டஈடு என்று கேட்பதற்கு அன்று சட்டமே கிடையாது.

அந்தச் சட்டம் 1923இல் வந்தது. தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம், 1924 ஜூலை 1 முதல் அமல். அதன் முதல் அட்டவணையைப் பின்னால் திருத்தப்பட்ட வடிவத்தில் வாசித்தால் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். மனித உடம்பு துண்டு துண்டாக விலை போடப்பட்டிருக்கும். இரண்டு கையும் போனால் சம்பாதிக்கும் திறனில் 100 சதவீதம் இழப்பு. கட்டைவிரல் 30. ஆள்காட்டி விரல் 14. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டுவிரலோ என்றால் 7.

கேலி செய்வதற்காகச் சொல்லவில்லை. அந்தப் பட்டியல் தொழிலாளிக்கு ஒரு பெரிய பாதுகாப்பு. "உனக்கு உண்மையிலேயே அவ்வளவு கஷ்டமா?" என்று எவனும் கேட்க முடியாது. விரல் இல்லை, பட்டியலில் எண் இருக்கிறது, பணத்தை எடு. வாதமே கிடையாது.

ஆனால் அந்த அட்டவணையில் மனசுக்கு வரிசை இல்லை. தலையில் அடிபட்டு அதனால் புத்தி கலங்கினால், அதை ஒரு மருத்துவர் தனியாக மதிப்பிட வழி உண்டு. அடி இல்லாமல் வரும் மனநோய்க்கு அங்கே இடமில்லை. அதே சட்டத்தில் தொழில்சார் நோய்களுக்கு இன்னொரு அட்டவணை இருக்கிறது. ஈய விஷம், சிலிக்கா தூசி, பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய் எல்லாம் உண்டு. மனநோய் இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010இல் தன் தொழில்சார் நோய்ப் பட்டியலைத் திருத்தியபோது மனநலக் கோளாறுகளுக்கு ஒரு தனிப் பகுதியே சேர்த்தது. நம் பட்டியல் அந்தப் பக்கம் நகரவில்லை. பழைய தொழிலாளர் சட்டங்களைச் சேர்த்துக் கட்டிய 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த உடல் உறுப்புப் பட்டியல் வந்து உட்கார்ந்திருக்கிறது.

பள்ளிக்கூடமும் போலீஸும்

நம்ம ஊர் இந்த விஷயத்தில் ஒரு வேடிக்கையான ஊர். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே இங்கே கிறிஸ்தவ ஊழியர்களின் விதவைகளுக்காக ஒரு நிதி ஏற்பட்டது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, கஷ்டப்படுகிறவருக்கு எடுத்துக் கொடுக்கும் காப்பீட்டுக் கணக்கு இந்த மண்ணுக்குப் புதுசு இல்லை. பாளையங்கோட்டையில் 1890இல் பார்வையற்றோருக்குப் பள்ளி வந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பிளாரன்ஸ் சுவைன்சன் பெயரால் இன்றும் நடக்கும் காது கேளாதோர் பள்ளியும் வந்துவிட்டது. நூறு வருஷம் கழித்து சிற்றாற்றுப் பக்கம் ஆய்க்குடியில் 1981இல் ராமகிருஷ்ணன் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அவரே கழுத்துக்குக் கீழே அசைவிழந்தவர். பார்வை, காது, கை கால் எல்லாவற்றுக்கும் தாமிரபரணிப் பக்கத்தில் யாராவது ஒருத்தர் பள்ளிக்கூடம் கட்டியிருக்கிறார்.

மனசு கலங்கினவருக்கு? 1876இல் ரயில் வந்தது. 1871இல் சென்னை கீழ்ப்பாக்கத்தில் பைத்திய ஆஸ்பத்திரி வந்தது. இரண்டையும் சேர்த்தால் அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிட்டு வரலாம். 1912ஆம் வருஷச் சட்டத்தின் பெயரே பைத்தியச் சட்டம். தெருவில் திரிகிற ஆளைப் போலீஸ் பிடிக்கலாம், மாஜிஸ்திரேட் உத்தரவு போட்டு உள்ளே அனுப்பலாம். அந்தச் சட்டம் எண்பது வருஷம் ஓடியது. 1987இல் புதுச் சட்டம் எழுதி, அது நடைமுறைக்கு வந்ததே 1993இல்தான்.

கண் தெரியாதவர் பள்ளிக்கூடத்தின் பொறுப்பு, மனசு சரியில்லாதவர் போலீஸின் பொறுப்பு. பின்னால் வந்த காப்பீட்டு விதிகளில் பாதி இந்தப் பிரிவினையிலிருந்துதான் முளைத்தது என்பது என் எண்ணம். ஒருவனைச் சட்டம் "ஆபத்தானவன்" என்று பார்க்கும்போது, அவன் ஒரு சம்பளத்தை இழந்தவன் என்பது யார் கண்ணிலும் படாது.

சர்க்கார் உத்தியோகஸ்தருக்கு மட்டும் சமம்

இங்கேதான் நான் எதிர்பார்க்காத ஒன்று கிடைத்தது. உடலுக்கும் மனசுக்கும் சம மரியாதை என்பது ஏதோ போன பத்து வருஷத்துப் புரட்சி என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வெள்ளைக்காரன் காலத்து சிவில் சர்வீஸ் விதிகளிலேயே அது இருக்கிறது. உடல் அல்லது மனத் தளர்ச்சியால் நிரந்தரமாக வேலை செய்ய இயலாமல் போன ஊழியருக்கு இயலாமை ஓய்வூதியம் உண்டு என்கிறது விதி. நடுவில் ஒரு "அல்லது", அவ்வளவுதான். மனசுக்குக் குறைந்த தொகை, குறைந்த காலம் என்று எதுவும் இல்லை. விடுதலைக்குப் பின் வந்த மத்திய அரசு ஓய்வூதிய விதிகளும் அதையே எடுத்துக்கொண்டன. இறந்துபோன அரசு ஊழியரின் பிள்ளை, உடல் ஊனத்தாலோ மனக் கோளாறாலோ சம்பாதிக்க முடியாமல் இருந்தால் வயது வரம்பு தாண்டியும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. அங்கேயும் இரண்டும் ஒரே வரியில்.

ஏன் இப்படி? தாசில்தார் ஆபீஸ் குமாஸ்தா மேல் சர்க்காருக்கு என்ன தனிப் பாசம்?

எனக்குத் தோன்றும் விடை இது. இரண்டு சட்டமும் இரண்டு வேறு கேள்வி கேட்கின்றன. நஷ்டஈட்டுச் சட்டம் "எது போச்சு?" என்று கேட்கிறது. விரலா, கையா, கண்ணா? அப்படிக் கேட்டால் பதில் ஒரு பட்டியல், பட்டியலில் இல்லாதது கிடையாது. ஓய்வூதிய விதி "இவரால் இனி வேலை பார்க்க முடியுமா?" என்று கேட்கிறது. அப்படிக் கேட்டால் காரணம் முதுகெலும்பா மனசா என்பது தானாகவே ரெண்டாம்பட்சம் ஆகிவிடும்.

எங்கள் தொழிலில் சொன்னால், முதல் வகையில் டேபிளில் அந்தக் காலமே இல்லை. மதிப்பு பூஜ்யம் என்றுகூட இல்லை, எழுத இடமே இல்லை. சமத்துவத்துக்கு எதிராக யாரும் ஒரு விதி எழுத வேண்டிய அவசியமே வரவில்லை.

ஒரே சட்டத்துக்குள் இரண்டு கேள்வி

மாமாவுக்குப் பொருந்தியது ஈ.எஸ்.ஐ. சட்டம், 1948. பேராசிரியர் அடார்கர் 1944இல் கொடுத்த அறிக்கையின் மேல் கட்டியது. 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கி, 1955இல் கோயம்புத்தூர் வழியாக நம் மாநிலத்துக்கு வந்தது.

இந்தச் சட்டத்துக்குள் இரண்டு கேள்வியும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன. "ஊன உதவி" என்ற பகுதி வேலையின்போது ஏற்பட்ட காயத்துக்கு மட்டும். அங்கே அதே பழைய விரல் பட்டியல்தான். ஆனால் "நோய்க்கால உதவி" என்ற பகுதி, வேலைக்குப் போக முடியவில்லை என்று மருத்துவர் சான்று கொடுத்தால் போதும் என்கிறது. வருஷத்துக்கு 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம். அதைத் தாண்டி நீளும் நோய்களுக்கு "நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவி" உண்டு. இரண்டு வருஷம் வரை, இப்போதைய கணக்கில் 80 சதவீதம். அதற்கு 34 நோய்கள் கொண்ட ஒரு பட்டியல் இருக்கிறது.

பட்டியல் என்றதும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. ஆனாலும் படித்தேன். காசநோய், தொழுநோய், புற்றுநோய், பக்கவாதம், இதயநோய் என்று போய், கீழே "சைக்கோசிஸ்" என்று ஒரு தலைப்பு. அதற்குள் நான்கு: ஸ்கிசோஃப்ரினியா, மனச்சோர்வின் தீவிர வகை, வெறியும் சோர்வும் மாறி மாறி வரும் நோய், டிமென்ஷியா. சதவீதத்தில் வித்தியாசம் இல்லை. காலத்தில் வித்தியாசம் இல்லை. பக்கவாதம் வந்த சைடருக்கு என்னவோ அதுவே ஸ்கிசோஃப்ரினியா வந்த சைடருக்கும்.

இரண்டு வருஷத் தொடர் வேலை, அதில் 156 நாள் சந்தா ஆகியவை நிபந்தனை. மாமாவுக்குப் பதினோரு வருஷம். அதுமட்டுமில்லை. நோய்க்கால உதவி வாங்கும் தொழிலாளியை அந்தச் சமயத்தில் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு சொன்னது.

பி.எஃப். திட்டத்தையும் பார்த்துவிடுவோம் என்று அதையும் எடுத்தேன். சிகிச்சைக்கு முன்பணம் எடுக்கும் விதியில் காசநோய், தொழுநோய், பக்கவாதம், புற்றுநோய், புத்தி பேதலிப்பு, இதயநோய் என்று வரிசை போகிறது. வார்த்தை பழசு, ஆனால் வரிசையில் இடம் இருக்கிறது. 1995இல் வந்த ஓய்வூதியத் திட்டத்தில் நிரந்தர முழு இயலாமைக்கு மாதாமாதம் ஓய்வூதியம் உண்டு. அந்த இயலாமை வேலையால் வந்திருக்க வேண்டும் என்றில்லை, வேறு எப்படி வந்தாலும் சரி. உடலா மனசா என்ற பேச்சே அந்த வரையறையில் இல்லை. "செய்துகொண்டிருந்த வேலையை இனிச் செய்ய முடியுமா?" என்பதுதான் கேள்வி.

ஆக, 2003 ஜூனில் தாத்தா எழுதிக் கொடுத்த அந்த நாலு வரி எதையெல்லாம் விட்டுக்கொடுத்தது என்று இப்போது கணக்குப் போட முடிகிறது. இரண்டு வருஷம் வரை சம்பளத்தின் பெரும்பகுதி. அந்தக் காலத்தில் இலவச சிகிச்சை. ஒருவேளை குணமானால் திரும்பிப் போக ஒரு வேலை. குணமாகாவிட்டால் சாகும்வரை ஒரு சின்ன ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும் உரிமை. எல்லாம் சட்டத்தில் இருந்தது. கேட்பதற்கு ஒரு சான்றிதழ் தேவைப்பட்டது. அந்தச் சான்றிதழைத்தான் நாங்கள் வாங்கவில்லை.

அளக்க முடியாது என்ற வாதம்

காப்பீட்டுக்காரர்கள் உலகம் முழுக்கச் சொல்லும் வாதம் ஒன்று உண்டு. கால் போனது தெரியும், மனசு போனதை எப்படி அளப்பது? நடிக்கலாமே?

இதற்கு ஒரு பதில் சென்னையிலிருந்து வந்தது என்பது எனக்குச் சந்தோஷம். 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகை ஊனங்களைச் சொன்னது. ஏழாவது மனநோய். ஆனால் சலுகை வேண்டுமென்றால் குறைந்தது 40 சதவீதம் ஊனம் என்று சான்று வேண்டும். மனநோயை எப்படிச் சதவீதம் போடுவது? பார்வைக்கும் காதுக்கும் அளவுகோல் இருந்தது, இதற்கு இல்லை. அதனால் சட்டத்தில் பெயர் இருந்தும் கையில் சான்று வாங்க முடியாத நிலை. இந்திய மனநல மருத்துவச் சங்கத்தின் குழு ஒன்று 'ஐடியாஸ்' என்ற அளவுகோலை உருவாக்கியது. 2002இல் மத்திய அரசு அதை ஏற்றது. சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பின் தாரா போன்றவர்களின் உழைப்பு அதில் இருக்கிறது.

அளவுகோல் எளிமையானது. தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை என்று நான்கு துறை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. நோய் எத்தனை வருஷமாக இருக்கிறது என்பதற்கு இன்னொரு நாலு. மொத்தம் 20. கூட்டினால் 7 வந்தால் 40 சதவீதத்தைத் தொட்டுவிடும்.

கவனிங்க, இது "எது போச்சு?" என்று கேட்கவில்லை. "என்ன செய்ய முடியுது?" என்று கேட்கிறது. பட்டியல் போடும் சர்க்காருக்குப் புரியும் மாதிரி எண்ணாகவும் கொடுக்கிறது. இரண்டு கேள்விக்கும் நடுவில் போட்ட பாலம் என்று சொல்லலாம். அப்படியும் வேலை ஒதுக்கீட்டில் மனநோய்க்கு இடம் கிடைக்க 2016ஆம் ஆண்டின் புதுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நடிப்பு வாதத்துக்கு இன்னொரு பதிலும் உண்டு. முதுகுவலியையும் எக்ஸ்ரேயில் முழுசாகப் பார்க்க முடியாது. அதற்காக முதுகுவலியை யாரும் மொத்தமாக விலக்கி வைப்பதில்லை.

கனடாவில் ஒரு கடை ஊழியர்

கனடாவில் சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஒரு கூட்டுறவுக் கடையில் வேலை பார்த்த பெண் மனநோயால் வேலைக்குப் போக முடியாமல் ஆனார். கடை எடுத்திருந்த குழு ஊனக் காப்பீட்டில், உடலால் இயலாதவருக்கு 65 வயது வரை பணம். மனநோயால் இயலாதவருக்கு, ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருந்தால் ஒழிய, இரண்டு வருஷத்தோடு நிறுத்தம். வழக்கு கனடா உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996இல் தீர்ப்பு: இது பாகுபாடு. இந்தக் காப்பீட்டின் நோக்கம் என்ன என்று நீதிமன்றம் கேட்டது. வேலை செய்ய இயலாமல் போனவருக்கு வருமானம் கொடுப்பது. அப்படியானால் இயலாமை எங்கிருந்து வந்தது என்று பார்த்து ஆளைப் பிரிக்க முடியாது. அதே இரண்டாம் கேள்வி.

அமெரிக்கா வேறு பாதையில் போனது. 1996லும் 2008லும் மனநல சமத்துவச் சட்டங்கள் வந்தன, ஆனால் அவை மருத்துவச் செலவுக்கான காப்பீட்டுக்கு. வருமானத்துக்கான ஊனக் காப்பீட்டில் மனநோய்க்கு 24 மாதம் மட்டும் என்ற வரம்பை அங்கே பல பெடரல் நீதிமன்றங்கள் 1990களில் அனுமதித்தன. இன்றும் அந்த 24 மாத வரி பல பாலிசிகளில் இருக்கிறது.

இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு நம் ஊருக்கு வருவோம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 21ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு, உடல் நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய் சிகிச்சைக்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்றது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2018 ஆகஸ்ட் 16இல் எல்லா நிறுவனங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. அப்படியும் 2020இல் மனநோய்க்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு, பாலிசியில் விலக்கு இருக்கிறது என்று பொதுத்துறை நிறுவனமான நேஷனல் இன்சூரன்ஸ் மறுத்தது. டெல்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரதிபா சிங் 2021 ஏப்ரலில், சட்டம் வந்த நாளிலிருந்தே அந்த விலக்கு செல்லாது என்றார். அதே நீதிமன்றத்துக்கு வந்த இன்னொரு வழக்கில் பாலிசி 35 லட்சத்துக்கு, மனநோய் என்றால் மட்டும் 50,000. கடைசியில் 2022 அக்டோபருக்குள் எல்லாப் பாலிசியும் சட்டத்துக்கு ஒத்துப்போக வேண்டும் என்று ஆணையம் மறுபடியும் எழுத வேண்டி வந்தது.

நல்ல விஷயம். ஆனால் திரும்பவும் அந்த வரியைப் படிங்க: "மருத்துவக் காப்பீடு". ஆஸ்பத்திரி பில்லுக்குச் சமத்துவம் வந்துவிட்டது. இழந்த சம்பளத்துக்கு அந்தச் சட்டம் வாய் திறக்கவில்லை.

மேலப்பாளையத்தில் பீடி சுற்றுபவர்

முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் பக்கம் வீட்டுக்கு வீடு பீடித் தட்டு. பி.எஃப். இருக்கிறவர்களுக்கு மேலே சொன்ன இயலாமை ஓய்வூதியம் காகிதத்தில் உண்டு. அதுவும் இல்லாத வயல் வேலைக்காரர், சித்தாள், செங்கல் சூளைக்காரருக்கு?

அவர்களுக்கும் எட்டும் ஒரு ஊனக் காப்பீடு 2015இல் தொடங்கிய பிரதமரின் சுரக்‌ஷா பீமா. பேங்கில் வருஷத்துக்கு 12 ரூபாய் பிடித்தார்கள், 2022 ஜூனிலிருந்து 20 ரூபாய். விபத்தில் இரண்டு கண், அல்லது இரண்டு கை, அல்லது இரண்டு கால் போனால் 2 லட்சம். ஒரு கண்ணோ ஒரு கையோ ஒரு காலோ என்றால் 1 லட்சம். 1923 பட்டியலின் பேரப்பிள்ளை. சல்லிசான விலை, குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனால் வேலை செய்ய முடியுமா என்ற கேள்வி இங்கே மறுபடி காணாமல் போய்விட்டது.

நான் எடுத்திருந்த பாலிசியின் ஊன ரைடரையும் எடுத்துப் பார்த்தேன். எத்தனையோ மடங்கு பிரீமியம், ஆனால் வாசகம் அதே குடும்பம்: விபத்து, கண், கை, கால்.

இப்போது மொத்தத்தையும் பார்த்தால், நம் நாட்டில் இந்தச் சமத்துவம் மேலிருந்து கீழாக வந்திருக்கிறது. கச்சேரி உத்தியோகஸ்தருக்கு நூறு வருஷத்துக்கு மேலாக முழுசாக உண்டு. ஆலைத் தொழிலாளிக்குப் பாதி உண்டு. வரப்பில் நிற்கிறவருக்கும் காசு கொடுத்து வாங்குகிறவருக்கும் இன்னும் விரல் பட்டியல்தான்.

மாமா கேட்ட கேள்வி

மாமா இப்போதும் அம்பையில் எங்களோடுதான் இருக்கிறார். 2009 வாக்கில்தான் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். மாத்திரை பிடித்துக்கொண்டது. 2022இல் ஒரு முகாமில் ஊனச் சான்றிதழுக்கு உட்கார வைத்தேன். டாக்டரம்மா கேட்ட கேள்விகள் எல்லாம் சாதாரணம். தினம் குளிக்கிறீங்களா, கடைக்குப் போய் பாக்கி சரியா வாங்குவீங்களா, கல்யாண வீட்டுக்குப் போவீங்களா, வேலை எப்போ விட்டீங்க? கடைசிக் கேள்விக்கு மட்டும் மாமா என்னைப் பார்த்தார்.

இந்தக் கட்டுரைக்காகப் படித்ததை ஒருநாள் சாயங்காலம் அவருக்குச் சொன்னேன். ஆற்றங்கரைப் படித்துறையில் உட்கார்ந்திருந்தோம். முழுசும் கேட்டார். பக்கவாதம் வந்தவனுக்கும் உங்களுக்கும் ஒரே கணக்குதான் மாமா, அட்டவணையில பேரு இருந்திருக்குன்னு சொன்னப்ப, கொஞ்ச நேரம் தண்ணியையே பார்த்துட்டு இருந்தார்.

"அப்பம் நான் வேலைய விட்டுருக்க வேண்டாமோ மருமவனே?"

நான் ஒண்ணும் சொல்லல. அவரே சொன்னார்: "அப்பாவைக் குத்தம் சொல்லாத. தங்கச்சி கல்யாணம் நடந்துச்சில்லா."

சட்டத்தில் ஒரு வரி எழுத எண்பது வருஷம் ஆகிறது. அந்த வரி ஒரு வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வர இன்னும் எத்தனை வருஷம் என்று எந்த அட்டவணையிலும் இல்லை. இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஆகியிருந்தால் ஒரே ஒரு வேண்டுகோள். ராஜினாமாக் கடிதம் எழுதுவதற்கு முன்னால் ஈ.எஸ்.ஐ. அட்டையையும் பி.எஃப். எண்ணையும் தேடி எடுங்க. டாக்டரிடம் நோயின் பெயரை முழுசாக எழுதி வாங்குங்க. அந்த வார்த்தைக்கு வெட்கப்பட்டு நாங்கள் இழந்தது, ஒரு மனுஷனின் இரண்டு வருஷச் சம்பளம் மட்டும் இல்லை.